தொகுக்கும்போதே தீர்மானமாகும் தமிழ்

மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கி நிறுவுவது குறித்த சொற்பொழிவின் அச்சு வடிவம்

மூலநிரலாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள் கணினியில் ஓடத் தொடங்குமுன் மூன்று படிகளைக் கடக்கிறது. முதல் படியில் அந்தக் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று சோதிக்கப்படுகிறது. மென்பொருளின் எந்தெந்தப் பகுதிகள் வேண்டும், அது எந்த அடைவில் அமர வேண்டும் என்பவையும் அப்போதே முடிவாகின்றன. இரண்டாம் படியில் தொகுப்பி மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றுகிறது. மூன்றாம் படியில், விளைந்த கோப்புகள் உரிய அடைவுகளில் வைக்கப்படுகின்றன. லினக்ஸ் பழகியவர்கள் இவற்றை ‘கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இம்மூன்றில் பெரும்பாலோர் விரைந்து கடந்துபோவது முதல் படியை. ஆனால் மென்பொருளின் இயல்பு முழுவதும் அங்கேதான் அமைகிறது. வீடு கட்டும்போது சுவருக்குப் பூச்சு வேலை முடியுமுன்பே மின்குழாய்களைப் பதித்துவிட வேண்டும், மென்பொருளிலும் அப்படித்தான். கான்ஃபிகர் படியில் விடுபட்ட ஒரு வசதியைப் பிறகு எந்தப் பட்டியிலும், எந்த அமைப்புப் பக்கத்திலும் தேடிப் பயனில்லை. அந்தப் பகுதியின் நிரல் தொகுக்கப்படவே இல்லை. கணினியில் அது இல்லை.

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இது மிக முக்கியமான செய்தி. எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுதல், அகரவரிசைப்படுத்துதல், அச்செழுத்தை உணர்தல் ஆகியவற்றுக்குத் தேவையான நிரலகங்கள் பல மென்பொருள்களில் கட்டாயமானவை அல்ல. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையில்தான் அவை நிற்கின்றன. ஆகவே ஒரு மென்பொருள் தமிழைச் செவ்வையாகக் கையாளுமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தொகுக்கும் நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

குரோம்பேட்டையும் பாஸ் லினக்ஸும்

சென்னையின் தென்புறநகருக்கு இந்தத் துறையில் தனி வரலாறு உண்டு. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிவருகிறது. அந்த வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து நடத்திய அமைப்புதான் கட்டற்ற திறந்தமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம். இந்திய அரசின் ஆதரவோடு 2005இல் அது தொடங்கப்பட்டது. இந்திய மொழிகளுக்கு ஏற்ற ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளம் இந்த முயற்சியில் பிறந்து 2007 ஜனவரி 10 அன்று வெளியானது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை விருப்பப் பாடமாக்கும் பணியிலும் இந்த மையம் ஈடுபட்டது.

பாஸ், டெபியன் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது. டெபியன் வகை இயங்குதளங்களில் மென்பொருள்கள் ஏற்கெனவே தொகுக்கப்பட்ட பொதிகளாக வருகின்றன. ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். அவற்றுக்கும் கான்ஃபிகர் படி உண்டு. பயனருக்குப் பதிலாகப் பொதியைப் பராமரிப்பவர் அதை முன்கூட்டியே செய்து முடித்திருக்கிறார். அவர் எடுத்த முடிவுகள் அனைத்தும் பொதியின் மூலத்தில் ‘டெபியன்/ரூல்ஸ்’ என்ற கோப்பில் திறந்தே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

பொதி கிடைக்கும்போது அதையே பயன்படுத்துவது நல்லது. நான்கு சூழல்களில் மட்டும் மூலநிரலைத் தொகுக்கும் தேவை எழுகிறது. பொதியில் உள்ளதைவிடப் புதிய பதிப்பு தேவைப்படலாம். தேவையான வசதியைப் பொதியாளர் சேர்க்காமல் விட்டிருக்கலாம். கல்லூரி ஆய்வகக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லாத மாணவர் தன் அடைவுக்குள்ளேயே மென்பொருளை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். நிரலையே திருத்திச் சோதிக்க விரும்பலாம். இந்த நான்கில் எது தன் காரணம் என்று தெளிந்துகொண்டவருக்கு எந்தத் தெரிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கான்ஃபிகர் என்ன செய்கிறது

பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய ‘மேக்’ இந்த மரபின் முதல் கருவி. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ‘மேக்ஃபைல்’ ஒன்றில் எழுதிவைத்தால், மாறியவற்றை மட்டும் மேக் மறுபடி தொகுக்கும். யுனிக்ஸ் பல நிறுவனங்களின் கையில் பல வகைகளாகப் பிரிந்தபோது ஒரே மேக்ஃபைல் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தவில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க டேவிட் மெக்கன்ஸி 1991இல் ‘ஆட்டோகான்ஃப்’ கருவியை உருவாக்கினார். மென்பொருளோடு வரும் ‘கான்ஃபிகர்’ என்ற ஓடுநிரலை உருவாக்கித் தருவது அதுதான்.

கான்ஃபிகர் கணினியை ஊகித்து முடிவு செய்வதில்லை, சோதித்தே அறிகிறது. ஒரு நிரலகம் இருக்கிறதா என்று தெரிய, அதை அழைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதித் தொகுத்துப் பார்க்கிறது. தொகுத்தல் வென்றால் ‘எஸ்’, தோற்றால் ‘நோ’. திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகள் இந்தச் சோதனைகளின் விடைகளே. முடிவில் மேக்ஃபைலும், நிரலுக்கு இந்த விடைகளைத் தெரிவிக்கும் தலைப்புக் கோப்பும் உருவாகின்றன. ஒவ்வொரு சோதனையும் ஏன் வென்றது, ஏன் தோற்றது என்பது ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் பதிவாகிறது. பிழை நேரும்போது முதலில் திறக்க வேண்டிய கோப்பு இதுவே.

தொடக்கநிலையாளர்கள் அடிக்கடி சந்திக்கும் தடை ஒன்று உண்டு. நிரலகம் கணினியில் இருக்கும். கான்ஃபிகரோ இல்லை என்று சொல்லும். டெபியன் வகைக் கணினிகளில் ஓடுவதற்கான நிரலகம் ஒரு பொதியிலும், தொகுப்பதற்கான தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ என்று முடியும் வேறொரு பொதியிலும் வருகின்றன. இரண்டாவது பொதியை நிறுவாமல் தொகுக்க முடியாது. ‘ஆப்ட் பில்டு-டெப்’ என்ற கட்டளை ஒரு மென்பொருளைத் தொகுக்கத் தேவையான எல்லாப் பொதிகளையும் ஒருசேரக் கொண்டுவந்துவிடும்.

தெரிவுகளின் வகைகள்

‘./கான்ஃபிகர் --ஹெல்ப்’ என்று கொடுத்தால் அந்த மென்பொருளுக்குரிய தெரிவுகள் முழுவதும் வரும். அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை இடத்தைச் சொல்வது. ‘--ப்ரிஃபிக்ஸ்’ என்பது நிறுவலின் வேர் அடைவு. ஓடும் நிரல்கள் அதனுள் ‘பின்’ அடைவுக்கும், நிரலகங்கள் ‘லிப்’ அடைவுக்கும், தரவுகள் ‘ஷேர்’ அடைவுக்கும் போகும். இரண்டாம் வகை மென்பொருளின் உள் வசதிகளைச் சேர்ப்பதும் விடுவதும். ‘--எனேபிள்’, ‘--டிசேபிள்’ என்று தொடங்கும். மூன்றாம் வகை வெளி நிரலகங்களோடு இணைப்பதும் தவிர்ப்பதும். ‘--வித்’, ‘--வித்தவுட்’ என்று தொடங்கும். நான்காம் வகை சூழல் மாறிகள். எந்தத் தொகுப்பி, என்ன வேகம், எந்த வன்பொருள் என்பவற்றை ‘சிசி’, ‘சிஃபிளாக்ஸ்’ போன்ற மாறிகள் வழியே சொல்வது.

2000ஆம் ஆண்டில் வந்த சிமேக், 2013இல் ஜுஸ்ஸி பக்கனன் தொடங்கிய மீசான் ஆகிய கருவிகளில் பெயர்கள் மாறினாலும் இந்த வகைகள் மாறவில்லை. சிமேக் தன் முடிவுகளை ‘சிமேக்கேஷ்’ கோப்பில் நினைவில் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒரு நிரலகத்தை நிறுவிய பிறகும் பழைய விடையையே அது சொன்னால், தொகுப்பு அடைவை அழித்துவிட்டுத் தொடங்குவதே வழி. மீசானில் ஒரு வசதிக்கு மூன்று நிலைகள் உண்டு: சேர், விடு, தானாகப் பார்த்துக்கொள். மூன்றாவது நிலை எளிதாகத் தோன்றினாலும் கவனத்தோடு அணுக வேண்டியது அதுவே. நிரலகம் இருந்தால் வசதி சேரும். இல்லாவிட்டால் பெரும்பாலும் சத்தமில்லாமல் விடுபடும்.

டெசராக்ட்: தமிழுக்கான ஒரு சான்று

படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து உரையாக மாற்றும் டெசராக்ட் இந்தத் தெரிவுகளின் வலிமையைக் காட்ட ஏற்ற சான்று. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவான இந்த மென்பொருள் 2005இல் திறந்தமூலமாக வெளியிடப்பட்டது. 2006 முதல் கூகுள் இதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. 2018இல் வந்த நான்காம் பதிப்பு நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறியது. தமிழுக்கான பயிற்சித் தரவும் இதற்கு உண்டு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற நிறுவனங்கள் பழைய தமிழ் அச்சு நூல்களை மின்னாக்கம் செய்துவரும் ஊரில், படங்களைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் கருவியின் பயனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

டெசராக்ட் படங்களைத் தானே படிப்பதில்லை. அந்த வேலையை லெப்டோனிகா என்ற நிரலகம் செய்கிறது. லெப்டோனிகா தொகுக்கப்படும்போது டிஃப், பிஎன்ஜி, ஜேபெக் நிரலகங்கள் கணினியில் இல்லையென்றால் அந்தந்த வடிவங்களைப் படிக்கும் வசதி அதில் இருக்காது. நூலக வருடல்கள் பெரும்பாலும் டிஃப் வடிவில் இருக்கும். டிஃப் ஆதரவு இல்லாத லெப்டோனிகாவோடு டெசராக்டைத் தொகுத்தால், பிழை ஏதும் இன்றித் தொகுப்பு முடியும். முதல் பக்கத்தைக் கொடுக்கும்போதுதான் குறை தெரியும். காரணம் டெசராக்டில் இல்லை, அதற்கும் ஒரு படி கீழே இருக்கிறது. தொகுத்தவுடன் ‘டெசராக்ட் --வெர்ஷன்’ கட்டளையைக் கொடுத்தால் எந்தெந்தப் பட நிரலகங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பட்டியல் வரும். அதைப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது பயிற்சிக் கருவிகள். பழைய அச்செழுத்து வடிவங்களுக்கு டெசராக்டைப் பழக்க விரும்புவோருக்கு இவை இன்றியமையாதவை. இவற்றைத் தொகுக்க ஐசியூ, பாங்கோ, கைரோ என்ற மூன்று நிரலகங்கள் வேண்டும். பயிற்சிக்கான படங்களைச் செயற்கையாக உருவாக்கும் கருவி, எழுத்துகளைக் கோத்து வரைய பாங்கோவை நம்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் வரிசையாக நின்றால் போதும். தமிழில் ‘கொ’ என்று காட்ட, ககரத்துக்கு முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலும் வந்தாக வேண்டும். கணினியின் நினைவகத்திலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கின்றன. இந்த இடமாற்றத்தைச் செய்து தருவதே எழுத்துக் கோக்கும் பணி. அது தவறினால் பயிற்சிப் படங்களே பிழையாகும். பிழையான படத்தில் பயின்ற மென்பொருள் பிழையாகவே படிக்கும்.

இந்த மூன்று நிரலகங்களும் இல்லாவிட்டாலும் டெசராக்டின் கான்ஃபிகர் நிற்பதில்லை. சோதனைகளின் முடிவில், சார்புகள் குறைவதால் பயிற்சிக் கருவிகளைத் தொகுக்க இயலாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வெற்றியோடு முடிகிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்குப் பின் வரும் அந்த ஒரு வரியைப் படிக்காதவர், ‘மேக் ட்ரெய்னிங்’ கட்டளை தோற்கும்போது திகைப்பார். கான்ஃபிகரின் கடைசி இருபது வரிகளைப் படிப்பது இந்தத் துறையில் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம்.

பிற தெரிவுகளும் உண்டு. நான்காம் பதிப்புக்கு முந்தைய உணர்முறை வேண்டாம் என்றால் ‘--டிசேபிள்-லெகசி’ கொடுக்கலாம். ஒரு பக்கத்தைப் பல இழைகளில் பகிர்ந்து செய்யும் ஓப்பன்எம்பி வசதியை ‘--டிசேபிள்-ஓப்பன்எம்பி’ நீக்கும். ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பல செயல்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் இடத்தில், ஒவ்வொரு செயலும் மேலும் இழைகளைப் பிறப்பித்தால் அவை செயலிக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு மொத்த வேலையே தாமதமாகும். அங்கே இந்த வசதியை நீக்குவதே வேகத்தைத் தருகிறது. ஒரே ஒரு பக்கத்தை விரைவாகப் படிக்க வேண்டியவருக்கு அதை வைத்திருப்பதே நல்லது. சரியான தெரிவு எது என்பதை மென்பொருள் சொல்லாது, வேலைதான் சொல்லும்.

அகரவரிசையும் ஐசியூவும்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. சேலையூர், தாம்பரம், பம்மல், ஜமீன் பல்லாவரம் என்ற ஊர்ப்பெயர்களை வெறும் யூனிகோடு குறியெண்படி வரிசைப்படுத்தினால், ஜமீன் பல்லாவரம் சேலையூரை அடுத்து நிற்கும். யூனிகோடு அட்டவணையில் ஜகரம் சகரத்தை ஒட்டி வைக்கப்பட்டிருப்பதே காரணம். தமிழ் முறைப்படி அது கடைசியில் வர வேண்டும். அனகாபுத்தூரும் அம்பத்தூரும் இப்படியே இடம் மாறும். தமிழ் நெடுங்கணக்கில் மகரத்துக்குப் பின், எல்லாவற்றுக்கும் இறுதியில் நிற்பது னகரம். குறியெண் வரிசையில் அது நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலோ நூலக அட்டவணையோ இப்படி வரிசை குலைந்தால் தேடுபவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உலக மொழிகளின் வரிசை விதிகளைத் தன்னுள் கொண்ட ஐசியூ நிரலகத்தை 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸோடு இணைத்துத் தொகுக்க முடிகிறது. அப்போது ‘--வித்-ஐசியூ’ என்று கேட்டால்தான் அது சேரும். கேட்காமல் தொகுத்த தரவுத்தளம் இயங்குதளத்தில் நிறுவப்பட்டுள்ள வட்டார விதிகளையே நம்பியிருக்கும்; அவையும் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் குறியெண் வரிசைதான். 2023இல் வெளியான பதினாறாம் பதிப்பில் இந்த நிலை மாறியது. ஐசியூ இயல்பாகவே சேர்க்கப்படுகிறது. நிரலகம் இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடுகிறது. வேண்டாம் என்பவர்தான் ‘--வித்தவுட்-ஐசியூ’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு அணுகுமுறைகளுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முதலாவதில் தமிழ் வரிசை வேண்டும் என்பவர் அதைத் தெரிந்து கேட்க வேண்டும். இரண்டாவதில் அதற்கான வசதி தானாகவே இருக்கும், விலக்குபவர்தான் பொறுப்பேற்கிறார். இயல்புநிலை எப்படி அமைகிறது என்பது எத்தனை பேருக்கு ஒரு வசதி போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பைதானைத் தொகுப்பவர்கள் இதே பாடத்தை வேறு வழியில் கற்கிறார்கள். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலும் பைதான் தொகுக்கப்பட்டுவிடும். தேவையானவை கிடைக்காததால் விடுபட்ட கூறுகளின் பட்டியல் முடிவில் வரும். அதைக் கவனிக்காதவர் ‘பிப்’ வழியே இணையத்திலிருந்து எதையும் நிறுவ முடியாமல் போகும்போதுதான் திரும்பிப் பார்ப்பார்.

எங்கே நிறுவுவது

லினக்ஸின் கோப்பு அடுக்கு மரபில் ஒவ்வோர் இடத்துக்கும் உரியவர் உண்டு. ‘/யுஎஸ்ஆர்’ அடைவு பொதி மேலாளருக்குரியது. ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ அந்தக் கணினியின் நிர்வாகிக்குரியது. ஆட்டோகான்ஃப், சிமேக் இரண்டும் இயல்பாகத் தேர்வது இதையே. ‘/ஆப்ட்’ தனித்து நிற்கும் மென்பொருள்களுக்குரியது. தன் வீட்டு அடைவு பயனருக்குரியது. கையால் தொகுத்த மென்பொருளை ‘/யுஎஸ்ஆர்’ அடைவில் நிறுவினால் பொதி மேலாளருக்குத் தெரியாமல் அதன் கோப்புகள் மேலெழுதப்படும். அடுத்த மேம்படுத்தலில் எது வெல்லும் என்று சொல்ல முடியாது. பைதானில் இந்த இடர் கூடுதல். இயங்குதளத்தின் பல கருவிகளே பைதானில் ஓடுகின்றன. அதனால்தான் ‘பைதான்3’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளாமல் பதிப்பெண்ணோடு மட்டும் நிறுவும் ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்ற தனிக் கட்டளை அதற்கு உண்டு.

நிர்வாகி உரிமை இல்லாத மாணவர் வீட்டு அடைவுக்குள் ஒரு வேரைக் கொடுத்துத் தொகுக்கலாம். மூன்று சூழல் மாறிகளை அவர் அறிந்திருக்க வேண்டும். ஓடும் நிரல்களைத் தேடும் இடம் ‘பாத்’. ஓடும்போது நிரலகங்களைத் தேடும் இடம் ‘எல்டி_லைப்ரரி_பாத்’. தொகுக்கும்போது நிரலகங்களின் விவரக் குறிப்பைத் தேடும் இடம் ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’. லெப்டோனிகாவை வீட்டு அடைவில் நிறுவிவிட்டு, மூன்றாவது மாறியைச் சொல்லாமல் டெசராக்டின் கான்ஃபிகரை ஓட்டினால், அது புதிய லெப்டோனிகாவைக் காணாது. கணினியில் பழையது இருந்தால் அதோடு இணைந்துவிடும். நிர்வாகியாக ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் நிறுவுபவர் முடிவில் ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையை ஓட்டினால்தான் புதிய நிரலகம் கணினியின் பட்டியலில் ஏறும்.

தரவுக் கோப்புகளின் இடமும் வேர் அடைவைப் பொறுத்தே மாறுகிறது. டெபியன் பன்னிரண்டாம் பதிப்பின் பொதி தமிழ்த் தரவை ‘/யுஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/5/டெஸ்டேட்டா’ அடைவில் வைக்கிறது. தனி வேரில் தொகுக்கப்பட்ட டெசராக்டோ தன் வேருக்குள் இருக்கும் ‘ஷேர்/டெஸ்டேட்டா’ அடைவில்தான் தேடும். ஆகவே தமிழ்ப் பொதி கணினியில் இருந்தும் தமிழ் கிடைக்கவில்லை என்ற பிழை வரும். தரவைப் புதிய இடத்தில் வைப்பதோ ‘டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ்’ என்ற மாறியால் பழைய இடத்தைக் காட்டுவதோ தீர்வாகும். தரவிலும் வகைகள் உண்டு: வேகத்துக்கு ஒன்று, துல்லியத்துக்கு ஒன்று. மேற்கொண்டு பயிற்சி கொடுக்க அடிப்படையாக உதவுவது ‘பெஸ்ட்’ என்ற துல்லிய வகை மட்டுமே.

‘டெஸ்ட்டிர்’ என்ற மாறியை வேர் அடைவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர் அடைவு என்பது மென்பொருள் இறுதியில் வாழப்போகும் இடம். பல மென்பொருள்களில் அது நிரலுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. டெஸ்ட்டிர் என்பது பொதி கட்டுவதற்காகக் கோப்புகளைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும் இடம். பொதியாளர்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

வேகத்துக்கான தெரிவுகள்

தொகுப்பிக்குக் கொடுக்கும் ‘-ஓ2’ பெரும்பாலான மென்பொருள்களுக்குப் போதுமானது. ‘-மார்ச்=நேட்டிவ்’ என்பது தொகுக்கும் கணினியின் செயலிக்கே உரிய கட்டளைகள் அனைத்தையும் பயன்படுத்தச் சொல்வது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் இயங்கிய ‘கப்ரு’ லினக்ஸ் கணினித் திரளில் எல்லாக் கணுக்களிலும் ஜியான் செயலிகளே இருந்தன. ஒரே வகைச் செயலிகள் கொண்ட அத்தகைய திரளில், செயலிக்கென்றே நுணுக்கித் தொகுப்பது பலன் தரும். வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய கணினிகள் வரிசையாக இருக்கும் கல்லூரி ஆய்வகத்தில் இந்தத் தெரிவு ஆபத்தானது. புதிய கணினியில் தொகுத்துப் பொது அடைவில் வைத்த நிரல், பழைய கணினியில் ‘செல்லாத கட்டளை’ என்ற பிழையோடு நின்றுவிடும்.

‘மேக் -ஜே’ பல கோப்புகளை ஒரே நேரத்தில் தொகுக்கச் சொல்வது. எண்ணைச் செயலியின் கருக்களுக்கு ஏற்பக் கொடுப்பது வழக்கம். சி++ நிரல்களைத் தொகுக்க நினைவகமும் அதிகம் தேவைப்படும் என்பதால், நினைவகம் குறைந்த கணினியில் எண்ணைக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பும் பொறுப்பும்

2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீடு’ என்ற பெருங்குறை வெளியானது. திருத்திய பதிப்பை உடனே நிறுவ முடியாதவர்களுக்கு அந்தத் திட்டமே ஒரு மாற்றுவழி சொன்னது: குறையுள்ள ஹார்ட்பீட் வசதியை விலக்கும் தெரிவைக் கொடுத்து மறுபடி தொகுக்கலாம். தேவையற்ற வசதியை விலக்குவதும் பாதுகாப்பே என்பதற்கு இது நல்ல சான்று. தொகுக்கப்படாத நிரலை யாரும் தாக்க முடியாது. அதே நிகழ்வு இன்னொன்றையும் உணர்த்தியது. பொதியாக நிறுவியவர்களுக்குத் திருத்தம் மேம்படுத்தலோடு வந்து சேர்ந்தது. கையால் தொகுத்தவர்கள் செய்தியறிந்து தாமே மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் 2024 மார்ச் 29 அன்று வெளியான நிகழ்வு கான்ஃபிகர் படியையே நேராகத் தொட்டது. அந்த மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுக் கோப்பில், பொதுவில் உள்ள மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் ஒன்று செய்யப்பட்டிருந்தது. கான்ஃபிகர் ஓடும்போது அது தீய நிரலைத் தொகுப்புக்குள் புகுத்தியது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைநுழைவு வழக்கத்தைவிடச் சற்றே தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். கான்ஃபிகர் என்பதும் ஒரு நிரல்; தரப்பட்ட உரிமைகள் அனைத்தோடும் ஓடுவது. ஆகவே கையொப்பம் சரிபார்த்த மூலத்தையே தொகுக்க வேண்டும். கான்ஃபிகரையும் மேக்கையும் சாதாரணப் பயனராகவே ஓட்ட வேண்டும். நிர்வாகி உரிமை தேவைப்படுவது நிறுவும் படிக்கு மட்டுமே. வீட்டு அடைவில் நிறுவினால் அதற்கும் தேவையில்லை.

நீக்குதலும் பதிவுசெய்தலும்

நிறுவுவதைப் போலவே நீக்குவதையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். ‘மேக் அன்இன்ஸ்டால்’ எல்லா மென்பொருள்களிலும் இருப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வேர் அடைவு கொடுத்தால், அந்த அடைவை அழிப்பதே நீக்கல். ‘ஸ்டோ’ என்ற கருவி அத்தகைய தனி அடைவுகளிலிருந்து பொது அடைவுக்கு இணைப்புகளை இட்டுத் தரும். டெபியன், பாஸ் பயனர்களுக்கு இதைவிடச் செம்மையான வழி உண்டு. ‘ஆப்ட் சோர்ஸ்’ கட்டளையால் பொதியின் மூலத்தைப் பெற்று, ரூல்ஸ் கோப்பில் வேண்டிய தெரிவை மாற்றி, பதிப்பெண்ணோடு ஓர் அடையாளத்தைச் சேர்த்துப் பொதியாகவே கட்டிக்கொள்ளலாம். அப்போது நிறுவலும் நீக்கலும் பொதி மேலாளரின் கணக்கில் இருக்கும்.

எந்தத் தெரிவுகளோடு தொகுத்தோம் என்ற பதிவு இல்லாத மென்பொருளை வேறொருவர் மீண்டும் உருவாக்க முடியாது. கான்ஃபிக்.லாக் கோப்பின் தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட கட்டளை அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸில் ‘பிஜி_கான்ஃபிக்’, பைதானில் ‘சிஸ்கான்ஃபிக்’ என்ற கூறு ஆகியவை தொகுத்த தெரிவுகளைப் பிறகும் சொல்லும். இருந்தாலும் கட்டளைகளை ஒரு சிறு ஓடுநிரலாக எழுதி மூலத்தோடு வைப்பதே உறுதியானது. அதில் தேவையான வசதி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘தானாகப் பார்த்துக்கொள்ளும்’ என்று விடக் கூடாது. வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட நிரலகம் இல்லாதபோது, நன்றாக எழுதப்பட்ட கான்ஃபிகர் பிழையோடு நிற்கும். அந்த நிறுத்தம் நன்மையே. குறை தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே தனிமனிதப் பணி பொதுப்பணியாகிறது. ஒரு மென்பொருளில் தமிழுக்குத் தேவையான வசதி இயல்புநிலையில் விடுபட்டிருப்பதைக் கண்டவர், தன் கணினியில் மட்டும் அதைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. பொதியாளருக்கும் மூலத் திட்டத்துக்கும் காரணத்தோடு எழுத வேண்டும். ஐசியூ, போஸ்ட்கிரெஸில் இயல்பாகச் சேர ஆறு ஆண்டுகள் ஆயின; ஆனால் சேர்ந்தது. பாஸ் இயங்குதளம் உருவான குரோம்பேட்டை முதல் தாம்பரம் வரையுள்ள பொறியியல் கல்லூரிகளில், மாணவர்கள் ஒரு மென்பொருளையாவது அதன் ஹெல்ப் பக்கத்தை முழுதும் படித்து, தெரிவுகளைக் காரணத்தோடு எழுதி, தொகுத்துப் பழக வேண்டும். கட்டற்ற மென்பொருள் தரும் உரிமை மூலநிரலைப் பெறுவதோடு முடிவதில்லை. தனக்கு வேண்டியபடி அதைத் தொகுக்கத் தெரிந்தவரே அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்துகிறார். தமிழுக்கு வேண்டியபடி தொகுக்கத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும்.